மருந்துக்கடையில் ஒலித்த போன்: ரத்னகிரி, பிப்ரவரி 2018 – ஒரு நிகழ்வு ஆய்வு

அல்போன்சா மாம்பழம் என்றதும் நினைவுக்கு வரும் ஊர் ரத்னகிரி. மகாராஷ்டிரத்தின் கொங்கண் கரையில் இருக்கிறது. 2018 பிப்ரவரி முதல் வாரத்தில் அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் ஓர் இளம்பெண் பிரசவத்துக்குச் சேர்ந்தார். கணவன், மனைவி இருவருமே மருத்துவர்களாக இருந்து நடத்திய மருத்துவமனை. சிசேரியன் நடந்தது. 9ஆம் தேதி டிஸ்சார்ஜ் செய்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மறுநாளே அந்தப் பெண்ணுக்கு உடம்பு முடியாமல் போனது. வீட்டார் மருத்துவருக்குப் போன் செய்தார்கள். ஒரு மருந்துக்கடைக்குப் போய் அங்கிருந்து பேசச் சொன்னார் மருத்துவர். போனார்கள். கடைக்காரரிடம் போனிலேயே மருந்தைச் சொன்னார். வாங்கிக் கொடுத்தும் குணமில்லை. மறுபடி அதே மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள். அப்போது இரண்டு மருத்துவர்களுமே அங்கே இல்லை. அவர்கள் இல்லாத நேரத்தில் பார்த்துக்கொள்ள டியூட்டி டாக்டரும் இல்லை. போனில் வந்த சொல்படி அட்மிஷன், போனில் வந்த சொல்படி நர்ஸ் கொடுத்த மருந்து. பிறகு வேறொரு மருத்துவர் வந்து பார்த்து வேறு மருத்துவமனைக்கு மாற்றச் சொன்னார். அங்கே அந்தப் பெண் இறந்துபோனார். டிஸ்சார்ஜ் ஆகி இரண்டே நாள்.

புகார் தரப்பு சொன்னதும் பம்பாய் உயர் நீதிமன்ற உத்தரவில் பதிவானதும் சுருக்கமாக இதுதான். அந்தப் பெண்ணின் பெயரையோ மருத்துவர்களின் பெயரையோ இங்கே எழுதப்போவதில்லை. நம் வேலைக்கு அது தேவைப்படாது.

நானும் ஒரு சிறிய ஊரில் நர்சிங் ஹோம் நடத்துகிறவள். பிரசவம் பார்க்கிறவள். இந்தச் செய்தியைப் படித்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மருந்துக்கடைக்குப் போய் போனைக் கொடுக்கச் சொல்வது நானும் செய்துவந்த காரியம். எத்தனை தடவை என்று கணக்கு வைத்ததில்லை. எனக்குத் தெரிந்த மருத்துவர்களில் அதைச் செய்யாதவர் யாரும் இல்லை. அதனால்தான் இந்த நிகழ்வை ஒரு குற்றக் கதையாக இல்லாமல், ஒவ்வொரு படியாக நின்று பார்க்க வேண்டிய பாடமாக எடுத்துக்கொண்டேன்.

உத்தரவு எதைச் சொன்னது

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 2018 ஜூலை 25 அன்று உயர் நீதிமன்றம் கொடுத்தது இறுதித் தீர்ப்பு கிடையாது. மருத்துவர்கள் இருவரும் கேட்ட முன்ஜாமீனை மறுத்த உத்தரவு. குற்றம் நிரூபணமானதா என்ற கேள்விக்குள் அந்தக் கட்டத்தில் யாரும் போக மாட்டார்கள். ஆனால் உத்தரவில் நீதிபதி போட்ட ஒரு கோடு மருத்துவ உலகத்தை உலுக்கிவிட்டது. நோயைத் தவறாகக் கணிப்பது வேறு, கணிக்காமலே மருந்து எழுதுவது வேறு என்றார். முதலாவது கவனக்குறைவு, அப்போது அமலில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில், அதிகபட்சம் இரண்டு ஆண்டுச் சிறையோடு நின்றுவிடும். இரண்டாவது அதைவிடக் கனமானது, கொலையாகாத மரணம் விளைவிப்பதைப் பற்றிய 304 பிரிவுக்குள் போகும் என்பது அவர் பார்வை.

உடனே வாட்ஸ்அப் குழுக்களில் பரவியது என்ன தெரியுமா? "இனிமேல் போனில் நோயாளியிடம் பேசினாலே கிரிமினல் கேஸ்." பல மருத்துவர்கள் போன் எடுப்பதையே நிறுத்தினார்கள். ஆஸ்பத்திரிக்கு வர வழியில்லாத நோயாளிகளுக்கு இதனால் எவ்வளவு கஷ்டம் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். மலைமேல் இருந்து பேசும் ஒருவருக்கு "நேரில் வாங்க" என்ற ஒரே பதில்.

உத்தரவைப் பொறுமையாகப் படித்தால் போன் மேல் பழி விழவில்லை என்பது புரியும். மருத்துவர் இல்லாத மருத்துவமனையில் நோயாளியைச் சேர்த்துக்கொண்டதும், இல்லாதபோது வேறு மருத்துவரை ஏற்பாடு செய்யாததும், என்ன நோய் என்று கண்டறியாமலே மருந்து தொடர்ந்ததும்தான் அங்கே கேள்விக்கு உள்ளாயின.

முதல் அழைப்பு

சிசேரியன் ஆன பெண்ணின் வீட்டிலிருந்து, டிஸ்சார்ஜ் ஆன மறுநாள், "உடம்பு முடியல" என்று ஒரு போன் வருகிறது. இங்கே நான் அதிக நேரம் நிற்க விரும்புகிறேன். தொலைவிலிருந்து வைத்தியம் பார்ப்பதில் பெரும்பாலான தவறுகள் முதல் இரண்டு நிமிடத்திலேயே நடந்துவிடுகின்றன.

நமக்கு நன்றாகத் தெரிந்த நோயாளி. நம் கையால் அறுவை செய்தவர். ரத்த வகை முதல் மாமியார் பெயர் வரை தெரியும். அந்தத் தெரிந்த தன்மைதான் பெரிய பள்ளம். "அவங்களா, நேத்துதான் அனுப்பினேன், நல்லாத்தான் இருந்தாங்க" என்று மனசு முன்கூட்டியே முடிவு கட்டிவிடுகிறது. நேற்று நன்றாக இருந்தார் என்பது இன்றைக்குச் சாட்சி ஆகாது. பிரசவம் முடிந்த முதல் வாரம் தாய்க்கு ஆபத்தான வாரம். கருப்பையில் தொற்று, தையல் போட்ட இடத்தில் சீழ், காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவது, பிரசவத்துக்குப் பிறகும் ஏறும் ரத்தக்கொதிப்பு, அதனால் வரும் வலிப்பு எல்லாம் இந்த நாட்களில் வரலாம். ஆரம்பத்தில் இவற்றில் பலவற்றுக்கு வீட்டார் சொல்லும் வார்த்தை ஒன்றேதான்: உடம்பு முடியல.

2020 மார்ச் 25 அன்று, ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், மத்திய அரசு தொலைமருத்துவ வழிகாட்டுதலை வெளியிட்டது. அதுவரை இந்தியாவில் இதற்கென்று தெளிவான விதி இல்லை. ரத்னகிரிக்குப் பிறகு மருத்துவர்கள் பயந்து கிடந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அந்த வழிகாட்டுதலில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நுணுக்கம் உண்டு. ஒரே நோய்க்காக நேரில் பார்த்து ஆறு மாதத்துக்குள் மறுபடி பேசினால் அது 'தொடர் ஆலோசனை'. ஆனால் அந்த நோயோடு சம்பந்தப்படாத புது அறிகுறி வந்திருந்தால், அவர் எவ்வளவு தெரிந்த நோயாளியாக இருந்தாலும், அது 'முதல் ஆலோசனை' என்றே கணக்கு. முன்பு என்ன சிகிச்சை கொடுத்தோம் என்பது மருத்துவருக்கு நினைவில் இல்லாவிட்டாலும் அப்படித்தான். சும்மா பெயர் வைக்கும் விஷயம் இல்லை இது. முதல் ஆலோசனை என்றால் மருந்து எழுதும் அதிகாரம் குறுகிவிடும். பாராசிட்டமால், ஓஆர்எஸ் போன்ற 'ஓ' பட்டியல் மருந்துகளை எந்த வழியில் பேசினாலும் சொல்லலாம். 'ஏ' பட்டியலுக்கு முகம் பார்த்த வீடியோ வேண்டும். 'பி' பட்டியல் மருந்துகளைத் தொடர் ஆலோசனையில் மட்டும், அதே நோய்க்குக் கூடுதலாகச் சேர்க்கலாம். போதை, மனமயக்க மருந்துகளும் சட்டம் கடுமையாகக் கட்டுப்படுத்தும் ஷெட்யூல் எக்ஸ் மருந்துகளும் எந்த நிலையிலும் கூடாது.

நான் என் மேசையில் இதை நான்கு கேள்வியாக மாற்றி வைத்திருக்கிறேன். மூச்சு எப்படி இருக்கிறது, வாக்கியத்தை நிறுத்தாமல் பேச முடிகிறதா. ரத்தப்போக்கு எவ்வளவு, ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் நனைகிறதா. கடைசியாகச் சிறுநீர் போனது எப்போது. எழுந்து நின்றால் என்ன ஆகிறது. இதைக் கேட்க மூன்று நிமிடம் ஆகும். பதில் வீட்டாரிடமிருந்து வரக்கூடாது, அந்தப் பெண்ணின் வாயிலிருந்தே வரவேண்டும். அவர் பேச முடியாத நிலையில் இருந்தால் அதுவே பதில், உடனே 108.

வார்த்தைகளில் வழுக்குவது

நம் பேச்சுத் தமிழில் நோயைச் சொல்லும் வார்த்தைகள் அழகானவை, ஆனால் போனில் அவை ஏமாற்றும். "மயக்கமா இருக்கு" என்பார்கள். ஒருவருக்கு அறையே சுற்றும், இன்னொருவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும், மூன்றாமவருக்கு வெறும் அசதி. மூன்றுக்கும் வழி வேறு. அதனால் "ரூம் சுத்துதா, கண்ணு இருட்டுதா, கை கால் ஓய்ஞ்சு போச்சா?" என்று அவர்கள் வார்த்தையிலேயே பிரித்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

அதைவிட மோசமானது "வாயு". மாரடைப்பை வாயுப் பிடிப்பு என்று சொல்லி வந்த எத்தனை பேரை நாம் பார்த்திருக்கிறோம். நேரில் வந்தால் வேர்த்துக் கொட்டிய சட்டையைப் பார்த்தே இசிஜி எடுத்துவிடுவோம். போனில் சட்டை தெரியாது. "டாக்டரம்மா, அப்பாவுக்கு கேஸ் டிரபிள், ஒரு மாத்திரை சொல்லுங்க" என்று மகன் கேட்கும்போது, நோயின் பெயரை அவரே வைத்துவிட்டார், நாம் மாத்திரையின் பெயரை மட்டும் சொன்னால் போதும் என்ற மாதிரி ஒரு சூழல் உருவாகிவிடுகிறது. அந்தச் சூழலுக்குள் போகாமல் இருப்பது பழக்கத்தால் வருகிற காரியம். நான் இப்போது எல்லோரிடமும் ஒரே பதில் சொல்கிறேன்: "தம்பி, மாத்திரை அப்புறம். அப்பாகிட்ட போனைக் குடுங்க."

இன்னொன்று, நோயாளி தனியாக இருக்கிறாரா என்பது. நம் வீடுகளில் டாக்டர் போன் என்றால் ஸ்பீக்கரில் போட்டுவிடுவார்கள். நாலு பேர் சுற்றி நிற்பார்கள். மருமகள் வெள்ளைப்படுவதைப் பற்றியோ, கணவன் அடித்த வலியைப் பற்றியோ, குழந்தை பிறந்ததிலிருந்து அழுகையாக வருவதைப் பற்றியோ எப்படிச் சொல்வாள்? ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் வருகிற மாதிரிக் கேட்டால் அவளால் பேச முடியும். "பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்பதை முதல் கேள்வியாக வைத்துக்கொண்ட பிறகு எனக்குக் கிடைக்கும் தகவல்களே மாறிவிட்டன.

கவுண்ட்டர்

சரி, ரத்னகிரிக்கு வருவோம். இரண்டாவது படி மருந்துக்கடை.

இந்த இடத்தில் நடந்ததைக் கவனியுங்கள். பேச்சு ஒரு நோயாளிக்கும் மருத்துவருக்கும் நடுவில் தொடங்கியது. கவுண்ட்டருக்குப் போனதும் அது ஒரு மருத்துவருக்கும் கடைக்காரருக்கும் நடுவிலான பேச்சாகிவிட்டது. நோயாளி அதிலிருந்து வெளியே போய்விட்டார். அவர் எப்படி மூச்சு விடுகிறார் என்பது கடைக்காரருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. மருத்துவரோ மருந்தின் பெயரைச் சரியாகச் சொல்வதில் கவனமாக இருப்பார்.

சரியாகச் சொன்னாலும் சரியாக விழும் என்ற உத்தரவாதம் கிடையாது. ஹைட்ரலசின் ரத்தக்கொதிப்புக்கு, ஹைட்ராக்ஸிசின் அரிப்புக்கு. கடைத்தெரு இரைச்சலில் இரண்டும் ஒரே ஒலி. ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டையும் ஒருமுறை போனில் சொல்லிப் பாருங்கள். அதனால்தான் அளவைச் சொல்லும்போது "ஒண்ணு அஞ்சு, பதினஞ்சு" என்று இரண்டு விதமாகச் சொல்லி, எதிரில் இருப்பவரைத் திருப்பிச் சொல்லவைப்பது ஆஸ்பத்திரிகளில் நல்ல பழக்கம். மருந்துக்கடையில் யாரும் அதைச் செய்வதில்லை.

2020 வழிகாட்டுதல் இங்கே திட்டவட்டமாக இருக்கிறது. மருந்துச்சீட்டு எழுத்தில் இருக்க வேண்டும். கையெழுத்திட்ட சீட்டின் படமாகவோ மின்சீட்டாகவோ நோயாளிக்கு அனுப்ப வேண்டும். மருத்துவரின் பதிவு எண் அதில் இருக்க வேண்டும். கடைக்கு நேரடியாக அனுப்புவதென்றால் நோயாளியின் வெளிப்படையான சம்மதம் வேண்டும். எந்தக் கடையில் வாங்குவது என்பதும் அவர் விருப்பம். மருத்துவர் பேசியதைப் பதிவாக வைத்திருக்கவும் வேண்டும்.

பல மருத்துவர்கள் இதைக் காகித வேலை என்று அலுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் வேறொரு பயன் தெரிந்தது. சீட்டு எழுத உட்கார்ந்தால் 'நோய்' என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும். நிரப்ப முடியாமல் பேனா நின்றால், நமக்கு நோய் தெரியவில்லை என்பது நமக்கே தெரிந்துவிடும். கணிப்பு இல்லாத மருந்து என்று நீதிபதி சொன்னது அந்தக் காலிக் கட்டத்தைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வாய்வார்த்தையில் கட்டமே இல்லை, அதனால் காலியாக இருப்பதும் தெரிவதில்லை.

கவுண்ட்டரில் விடுபட்ட இன்னொரு விஷயம், எல்லைக்கோடு. "மாத்திரை போட்டு இத்தனை மணிக்குள் குறையாவிட்டால் இன்ன இடத்துக்குப் போங்க, இன்னாரைப் பாருங்க" என்பதை நோயாளியிடம் சொல்லியே ஆகவேண்டும். "சரியாகலைன்னா சொல்லுங்க" என்று முடிப்பது நம் எல்லோருக்கும் வழக்கம். சரியாகவில்லை என்பதை யார் முடிவு செய்வது? ராத்திரி பதினோரு மணிக்கு டாக்டரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று நினைக்கும் தகப்பனாரா? மணியும் இடமும் சொல்லாத அறிவுரையை நான் இப்போது பாதி அறிவுரை என்றே கணக்கு வைக்கிறேன்.

கட்டிடம் இருந்தது

மூன்றாவது படி, மறுபடி அட்மிஷன். என்னை அதிகம் பாதித்தது இதுதான்.

வீட்டார் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார்கள். போன் வைத்தியம் பலிக்கவில்லை என்று ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார்கள். கட்டில் இருக்கிறது, நர்ஸ் இருக்கிறார், கையில் ஊசி ஏறுகிறது, பாட்டில் தொங்குகிறது. பார்க்கிறவர்களுக்கு அது சிகிச்சை. உண்மையில் அந்த அறையிலும் வைத்தியம் போன் வழியாகத்தான் நடந்துகொண்டிருந்தது. வீட்டில் இருந்தபடி போனில் பேசினால் "இது போதாது" என்ற எண்ணமாவது வரும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தால் அந்த எண்ணமும் போய்விடுகிறது. வேறு எங்காவது கொண்டுபோகலாமே என்று வீட்டாருக்குத் தோன்றும் வாய்ப்பையே அந்தக் கட்டில் எடுத்துவிட்டது.

நர்ஸின் நிலையை நினைத்துப் பாருங்கள். போனில் சொன்ன மருந்தைக் கொடுக்கிறார். நோயாளிக்கு மோசமாகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால் சின்ன நர்சிங் ஹோமில் வேலை செய்கிற ஒரு நர்ஸ், முதலாளி டாக்டரைத் தாண்டி இன்னொரு டாக்டரைக் கூப்பிட முடியுமா? அந்த உரிமையை நாம் யாரும் அவர்களுக்கு எழுதிக் கொடுத்ததில்லை.

அவசர நிலைக்கு வழிகாட்டுதல் வைத்திருக்கும் வரம்பு மிகக் குறுகலானது: உயிர் காக்கும் முதலுதவி, ஆறுதலான அறிவுரை, எங்கே போக வேண்டும் என்ற வழி. கூடவே, கூடிய சீக்கிரம் நேரில் ஒரு மருத்துவரைப் பார்க்கச் சொல்லியே ஆகவேண்டும். ஆஸ்பத்திரிக்குள் படுத்திருக்கும் நோயாளிக்கும் இதே வரம்பைத்தான் நாம் பொருத்திப் பார்க்க வேண்டும். மருத்துவர் அங்கே இல்லையென்றால் அந்த வார்டும் தொலைவில்தான் இருக்கிறது.

மறுமுனையில் ஒரு கை

அப்படியானால் தூரத்திலிருந்து நல்ல வைத்தியமே முடியாதா? முடியும். நம் தேனி மாவட்டத்தில் இருபது வருடமாக நடந்துகொண்டிருக்கிறது.

அரவிந்த் கண் மருத்துவமனை 2004இலிருந்து சிற்றூர்களில் பார்வை மையங்களைத் தொடங்கியது. அங்கே டாக்டர் இருக்க மாட்டார். பயிற்சி பெற்ற பணியாளர்கள் இருப்பார்கள், பெரும்பாலும் அந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்த பெண்கள். பார்வை அளவு எடுத்து, ஸ்லிட் லேம்ப் என்ற, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியில் கண்ணைப் பார்த்து, படம் எடுத்து அனுப்புவார்கள். அதன் பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கும் கண் டாக்டர் வீடியோவில் நோயாளியோடு பேசுவார். கண்ணாடி அங்கேயே கிடைக்கும். அறுவை தேவையென்றால் எந்த ஆஸ்பத்திரிக்கு என்பது முன்கூட்டியே தீர்மானமான விஷயம். ரத்னகிரியில் இல்லாமல் போனவை எல்லாம் இங்கே இருக்கின்றன: தொட்டுப் பார்க்கிற ஒரு கை, எழுத்தில் பதிவு, அடுத்து எங்கே என்பதற்குப் பதில்.

அந்தத் தேனி அனுபவத்தில் எனக்குப் பிடித்த இன்னொரு செய்தி உண்டு. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அந்த மையங்களை நெடுந்தூர வைஃபை மூலம் ஆஸ்பத்திரியோடு இணைத்தார்கள். அலைவரிசை, தூரம், டவர் உயரம் என்று பெரிய பெரிய சிக்கல்களைத் தீர்த்தார்கள். 2008இல் தங்கள் அனுபவத்தை எழுதியபோது, கருவிகள் செத்ததற்குப் பெரும்பாலும் காரணம் மின்சாரம் என்றார்கள். ஏறி இறங்கும் வோல்டேஜ் சர்க்யூட்டுகளைச் சுட்டுப் பொசுக்கியது. சென்னையில் உட்கார்ந்து ஆப் தயாரிக்கும் தம்பிகள் இதைக் கவனிக்க வேண்டும் என்பேன். வீடியோ நின்றுவிட்டால் அடுத்து என்ன என்பது, முதல் நோயாளி வருவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். நான் பேச ஆரம்பிக்கும்போதே இன்னொரு நம்பர் வாங்கிவிடுகிறேன். இருக்கும் ஊர், தெரு, அடையாளம் எல்லாம் அப்போதே கேட்டு எழுதிவிடுகிறேன். பேச்சு நடுவில் அறுந்தால் 108க்கு முகவரி சொல்ல வேண்டியது நான்தானே.

மத்திய அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனியும் கிட்டத்தட்ட இந்த வழியில்தான் வளர்ந்தது. 2023 பிப்ரவரியில் பத்துக் கோடி ஆலோசனைகளைத் தாண்டிவிட்டது. அதில் பெரும்பகுதி, கிராமத்துச் சுகாதார மையத்தில் ஒரு பணியாளர் நோயாளியோடு உட்கார்ந்து, மறுமுனையில் டாக்டரைக் கூப்பிடும் முறை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்து பிபி பார்க்கிற அக்காமார்களும் அந்த மாதிரி ஒரு கைதான். தனியாரில் வீடியோ ஆலோசனை தொடங்க நினைப்பவர்கள் ஆப்புக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கை இந்தக் கைக்குச் செலவழித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

கை இல்லாத இடத்தில் கருவியை நம்புகிறோம். அதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் மீட்டர் வந்தது. அதில் இரண்டு எண்கள் ஓடும், ஒன்று ஆக்ஸிஜன், ஒன்று நாடித்துடிப்பு. "98 காட்டுது மேடம்" என்று நிம்மதியாகச் சொல்வார்கள். அது நாடித்துடிப்பாக இருக்கும். நான் இப்போது எண்ணைக் கேட்பதில்லை, மீட்டரின் படத்தை அனுப்பச் சொல்கிறேன். படம் சரியாக இருந்தாலும் விரல் சில்லிட்டிருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ கணக்கு மாறும். 2020 டிசம்பரில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக ஆக்ஸிஜன் குறைவு இந்த மீட்டரில் தெரியாமல் போயிருந்தது. நம் தோலின் நிறத்தை வைத்து இதை நாம் பொருட்படுத்தாமல் இருக்க முடியாது. மீட்டர் நல்ல எண் காட்டி, ஆள் மூச்சு வாங்கினால், ஆளைத்தான் நம்ப வேண்டும். போனை நெஞ்சருகே வைக்கச் சொல்லி ஒரு நிமிடம் மூச்சை எண்ணுவது இன்னும் எனக்குப் பெரிய உதவி.

ராத்திரி யார்

ரத்னகிரியை இத்தனை தூரம் பிரித்துப் பார்த்த பிறகும் மிஞ்சுகிற கேள்வி ஒன்று. இந்தியாவின் சிறிய ஊர்களில் பாதிப் பிரசவ ஆஸ்பத்திரிகள் ஒரு டாக்டரோ, டாக்டர் தம்பதியோ நடத்துவதுதான் என்றால் நான் மிகைப்படுத்தவில்லை என்று நினைக்கிறேன். கீழே ஆஸ்பத்திரி, மேலே வீடு. வீட்டில் ஒரு கல்யாணம், ஒரு சாவு, ஒரு மாநாடு என்றால் இருவரும் கிளம்பத்தான் வேண்டியிருக்கும். அப்போது போன் மட்டும் ஆஸ்பத்திரியைத் திறந்து வைத்திருக்கும். இதை எந்த வழிகாட்டுதலும் தனியாக வந்து தீர்த்துவைக்காது.

நான் செய்தது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. எங்கள் ஊரில் இரண்டு தெரு தள்ளி இன்னொரு மகப்பேறு மருத்துவர் இருக்கிறார். தொழிலில் போட்டி என்றுதான் ஊர் பேசும். 2019இல் அவர் ஆஸ்பத்திரிக்குப் போய் உட்கார்ந்து பேசினேன். ஒரே பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம். ஊரில் இல்லாத நாளில் ஒருவர் நோயாளியை மற்றவர் நேரில் வந்து பார்ப்பது, அந்தக் கட்டணம் வந்து பார்த்தவருக்கே சேர்வது, புதிதாக வருகிறவர்களுக்கு அட்மிஷன் போடாமல் நேராக மற்றவர் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது. கடைசி வரியை அவர்தான் சேர்க்கச் சொன்னார்: இரவு டியூட்டியில் இருக்கும் நர்ஸ், தன் டாக்டரிடம் கேட்காமலே மற்றவரைக் கூப்பிடலாம், கூப்பிட்டதற்காக யாரும் கோபிக்கக்கூடாது. அந்தத் தாளின் நகல் இரண்டு ஆஸ்பத்திரியிலும் நர்ஸ் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

போன வருடம் ஐப்பசியில் நானும் என் கணவரும் ஊரில் இல்லை. டிஸ்சார்ஜ் ஆகி மூன்று நாளான ஒரு பெண்ணை இரவு பத்தரைக்கு ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். குளிர்காய்ச்சல், நாடி 130. எங்கள் நர்ஸ் எனக்குப் போன் செய்யவில்லை. முதலில் அவருக்குச் செய்தார். பதினைந்து நிமிடத்தில் அவர் வந்து பார்த்து, தொற்று என்று கணித்து, முதல் ஆன்டிபயாட்டிக் போட்டு, 108இல் ஏற்றி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நர்ஸும் கூடவே போனார். காலை ஆறு மணிக்குத்தான் எனக்குப் போன் வந்தது. "மேடம், உங்களை எழுப்ப வேணாம்னு இல்ல, முதல்ல வர்றவங்களைக் கூப்பிட்டேன்" என்றார் நர்ஸ். அந்தப் பெண் ஒன்பதாம் நாள் வீட்டுக்குப் போனார்.